பத்தடி உயர வளையமும் தர்ஜினி சிவலிங்கமும்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கமாகச் செல்வோர், ஆண்டின் சில வாரங்களில் மட்டும் ஒரு காட்சியைக் காணலாம். பாடசாலை மைதானத்தின் ஓர் ஓரத்தில் இரும்புக் கம்பமொன்று நிற்கும். அதன் உச்சியில் ஒரு வளையம். கீழே ஏழெட்டு மாணவியர் பந்தை வளையத்தினுள் இட முயன்றுகொண்டிருப்பர். சம்மாந்துறை வலயமட்டப் போட்டிகள் நெருங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். போட்டிகள் முடிந்தபின் கம்பம் மட்டும் எஞ்சும். மாடுகள் அதில் உடலை உரசிக்கொள்ளும்.

இந்த விளையாட்டை எமது ஊர்களில் சிலர் 'நெட்போல்' என்பர். சிலர் 'பாஸ்கட்போல்' என்றே சொல்லிவிடுவர். தவறு என்று திருத்தத் தேவையில்லை. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தாம். ஆனால் கூடைப்பந்தாட்டத்தின் உலகப் புகழ்பெற்ற வீரர் யாரென்று இங்குள்ள இளைஞர் ஒருவரைக் கேட்டால், மைக்கல் ஜோர்டான் என்று உடனே பதில் வரும். அவரது 23ஆம் இலக்க மேலங்கியைக் கல்முனைச் சந்தையிலும் வாங்கலாம். அதே வளையத்தில், அதே உயரத்தில், உலகக் கிண்ணப் போட்டியொன்றில் ஏனைய எல்லா வீராங்கனைகளையும்விட அதிக கோல்களைப் போட்ட ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தர்ஜினி சிவலிங்கம் என்ற அப்பெயரை அறிந்தவர்களும் அவரது உயரத்தை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அவரது விளையாட்டை விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த வளையத்தின் கதை. 1891 டிசம்பரில், ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே விளையாடத்தக்க ஒரு விளையாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பீச் பழம் நிரப்பும் இரண்டு கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் இரு பக்கமும் மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் கூடைப்பந்தாட்ட வளையம் 3.05 மீற்றர், அதாவது அதே பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. யாரோ ஒரு தச்சன் கைப்பிடியை அமைத்த உயரம் உலக விதியாகிவிட்டது.

நைஸ்மித்தின் விளையாட்டு சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தை அடைந்தது. அங்கு பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிகளில், நீண்ட பாவாடை அணிந்து ஆடுவதற்கு ஏற்றவாறு அது மாற்றப்பட்டது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது நீக்கப்பட்டது. பின்பலகை நீக்கப்பட்டது. ஆடுகளம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதிக்குள் மட்டுமே நடமாடலாம் என்றாயிற்று. இப்படிப் பிறந்ததே வலைப்பந்தாட்டம். ஆனாலும் அவுஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 1970 வரை அதன் பெயர் 'பெண்கள் கூடைப்பந்தாட்டம்' என்றே இருந்தது. நாட்டுக்கு நாடு விதி வேறாக இருந்த இவ்விளையாட்டுக்குப் பொதுவிதி வகுக்க அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, இங்கிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் 1960இல் கூடிய இடம் எது தெரியுமா? இலங்கை. இன்று உலகெங்கும் ஆடப்படும் வலைப்பந்தாட்டத்தின் சட்டங்கள் எமது தீவில்தான் ஒன்றாக்கப்பட்டன. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை அணி பங்குபற்றியது. கிரிக்கெட்டில் டெஸ்ட் அந்தஸ்துக்கு 1981 வரை காத்திருந்த நாடு, வலைப்பந்தாட்டத்தில் தொடக்கம் முதலே உள்ளே இருந்தது.

இனி ஆட்டத்தைப் பார்ப்போம். ஓர் அணிக்கு ஏழு பேர். அவர்களுள் கோல் ஷூட்டர், கோல் அட்டாக் என்ற இருவருக்கு மட்டுமே கோல் போடும் உரிமை உண்டு. அதையும் 4.9 மீற்றர் ஆரையுடைய அரைவட்டத்துக்குள் நின்றே செய்ய வேண்டும். பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடியது மூன்று விநாடிகள். பந்துடன் ஓட முடியாது. எதிரணியின் தடுப்பாளர் கோல் எய்பவரின் காலிலிருந்து 0.9 மீற்றர், அதாவது மூன்றடி தள்ளி நின்றே கையை நீட்டலாம், தொடக்கூடாது. வளையத்தின் விட்டம் 38 சென்டிமீற்றர். கூடைப்பந்தாட்ட வளையம் 45 சென்டிமீற்றர் என்பதையும், அங்கு பந்தைப் பலகையில் பட்டுத் தெறிக்கவிட்டு உள்ளே விழுத்தலாம் என்பதையும் நினைவிற் கொண்டால், வலைப்பந்தாட்டத்தில் குறிபார்த்தல் எவ்வளவு கடினமானது என்பது புரியும். பின்னால் பலகை கிடையாது. பந்து வளையத்துக்குள் போகும், அல்லது போகாது. மன்னிப்புக்கு இடமில்லை.

தர்ஜினியின் உயரம் 2.08 மீற்றர், ஆறடி பத்தங்குலம். உலக வலைப்பந்தாட்டத்தில் அவரை விட உயரமான வீராங்கனை இருந்ததாகப் பதிவில்லை. அவர் கைகளை உயர்த்தினால் விரல்நுனிக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு முழ தூரமும் இராது. எனவே தடுப்பாளர் மூன்றடி தூரத்தில் நின்று எவ்வளவுதான் எம்பினாலும், அவர் கையிலிருந்து புறப்படும் பந்தைத் தொட முடிவதில்லை. இதைக் கண்டவுடன், "உயரம் இருக்கிறது, கோல் விழுகிறது, இதிலென்ன கலை?" என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கை விளையாட்டு வட்டாரங்களிலும் இக்கேள்வி எழாமல் இல்லை.

இதே கேள்வி அமெரிக்காவில் வேறொருவரைப் பற்றி எழுந்தது. 1960களில் லூ அல்சிண்டோர் என்ற பெயரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய இளைஞர், 1971இல் கரீம் அப்துல் ஜப்பார் எனப் பெயர் மாற்றிக்கொண்டார். இஸ்லாத்தைத் தழுவிய அவரது பெயர் எமது கரையோர ஊர்களின் மூத்த தலைமுறைக்கு அந்நியமானதன்று. அவர் ஏழடி இரண்டங்குலம். 1967இல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில், பந்தை வளையத்துக்கு மேலிருந்து உள்ளே அழுத்தும் முறை தடைசெய்யப்பட்டது. அவரைக் கட்டுப்படுத்தவே அந்தத் தடை என்று பலரும் கருதினர். 1976 வரை அது நீடித்தது. விளைவு என்ன? வளையத்துக்குள் பந்தை அழுத்த முடியாத அவர், பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கையால் தலைக்கு மேலே வளைத்து எறியும் மென்மையான எறிகையை மெருகேற்றிக்கொண்டார். 'ஸ்கை ஹூக்' எனப் புகழ்பெற்ற அந்த எறிகையைக் கொண்டே அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் 38,387 புள்ளிகளைக் குவித்தார். 2023 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. அவரை விட உயரமானவர்கள் அந்தப் போட்டித் தொடரில் பலர் வந்து போனார்கள். அவர்களுள் ஒருவர் பெயரும் அந்தப் பட்டியலில் அவருக்குக் கிட்டவும் இல்லை.

வலைப்பந்தாட்டத்திலோ, வளையத்துள் பந்தை அழுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஷூட்டர் பந்தை எய்தே ஆக வேண்டும். தர்ஜினியின் ஆட்டத்தை ஒளிப்பதிவில் நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு இரண்டு விடயங்கள் தென்படும். ஒன்று, பந்தைப் பெறும் விதம். சக வீராங்கனை வெகு உயரத்தில் மிதக்கவிடும் பந்தை, பின்னாலிருந்து தடுப்பாளர் உடலால் நெருக்கும்போது, நிலைகுலையாமல் விரல்களால் பிடித்து இறக்க வேண்டும். இரண்டடி எடுத்து வைத்தால் எதிரணிக்குப் பந்து. நெருக்குதலில் கை தவறினால் எதிரணிக்குப் பந்து. உயரமான உடலைச் சிறிய இடத்துக்குள் அசையாமல் நிறுத்துவது குள்ளமானவர் செய்வதைவிடக் கடினமானது. மற்றையது, எய்யும்போது மணிக்கட்டில் மட்டும் ஏற்படும் சிறு அசைவு. தோள் அசையாது, முழங்கை அசையாது. ஓர் ஆட்டத்தில் ஐம்பது, அறுபது தடவை அந்த ஒரே அசைவு. அவற்றுள் தவறுவன மிகச் சில. இது உயரத்தால் வருவதன்று. பல்லாயிரம் தடவை செய்து பழகியதால் வருவது.

அவர் பிறந்தது யாழ்ப்பாணம், வலிகாமத்தைச் சேர்ந்த புன்னாலைக்கட்டுவன் ஈவினைக் கிராமம். போர் சூழ்ந்த காலம். அந்தச் சூழலில் ஆறடியைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும் ஒரு பெண்பிள்ளையின் நிலையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தமது உயரம் பள்ளிக்காலத்தில் கேலிக்குரியதாக இருந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எமது சமூகத்தில் மாப்பிள்ளை தேடும் கணக்கில் பெண்ணின் உயரம் ஒரு குறையாகவே எழுதப்படுகிறது. அதே உயரத்தை ஒரு தகைமையாகக் கணக்கிடும் இடம் ஒன்று உலகில் உண்டு என்று கண்டுகொண்டதே அவரது வாழ்வின் திருப்பம்.

ஆனால் கண்டுகொள்வது மட்டும் போதாது. இலங்கையில் பெண்கள் வலைப்பந்தாட்டம் பாடசாலைக்கு அப்பால் உயிர்வாழ்வது பெரும்பாலும் வங்கிகளிலும் வர்த்தக நிறுவனங்களிலும் முப்படைகளிலும்தான். வேலையைக் கொடுத்து, அணியில் ஆடவும் விட்டு, பயிற்சிக்கு நேரமும் ஒதுக்கும் நிறுவனங்கள் இல்லாவிடில் தேசிய அணி என்ற ஒன்றே இராது. தர்ஜினி செலான் வங்கி அணிக்கு ஆடினார். சம்பளமும், பயிற்றுநரும், மைதானமும் ஒரே இடத்தில் கிடைத்ததால்தான் அந்த மணிக்கட்டு அசைவு மெருகேறியது. இந்த இடத்தை வாசகர்கள் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

2009இல், போர் முடிவுற்ற அதே ஆண்டில், இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 1989, 1997, 2001 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் அது நாட்டின் நான்காவது வெற்றி. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் அவரது கோல் எய்யும் திறன் வெளிநாட்டுப் பயிற்றுநர்களின் கண்ணில் பட்டது. பின்னர் அவர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் சிட்டி வெஸ்ட் பெல்கன்ஸ் கழகத்துக்கு ஆடினார். வெளிநாட்டுக் கழகமொன்றில் தொழில்முறையில் வலைப்பந்தாட்டம் ஆடிய முதல் இலங்கையராக அவர் அறியப்படுகிறார். பின்னர் கொலிங்வூட் மெக்பைஸ் அணியின் பயிற்சிக் குழுவிலும் இடம்பெற்றார். உலகின் மிகச் சிறந்த உள்நாட்டுத் தொடர் அவுஸ்திரேலியாவினுடையது. அதன் வாசல்வரை சென்றது சிறிய காரியமன்று.

2009க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் ஆசியக் கிண்ணம் இலங்கையின் கைக்கு எட்டவில்லை. 2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில், திலகா ஜினதாசவின் பயிற்சியில், சதுரங்கி ஜயசூரிய தலைமையில், தர்ஜினியும் எழிலேந்தினி சேதுகாவலரும் இடம்பெற்ற அணி இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69-50 என வென்றது. அப்போது எமது பத்திரிகைகளும் கொழும்புப் பத்திரிகைகளும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டன: 'நல்லிணக்கம்'. அணியில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்ததால் இனங்களுக்கிடையே பாலம் அமைந்துவிட்டதாகத் தலையங்கங்கள் எழுந்தன. எனக்கு அது அப்போதே உறுத்தலாக இருந்தது. அவர் பாலமாக அணிக்குச் செல்லவில்லை, ஷூட்டராகச் சென்றார். கோல் போடும் திறமையை எடைபோட்டு எடுத்தார்கள், அதைக் காட்டினார். அவர் தமிழர் என்பது எமக்குப் பெருமை என்றால் அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அரசியல்வாதிகள் செய்யத் தவறியதை ஒரு விளையாட்டு வீராங்கனையின் தோளில் ஏற்றி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

2019 ஜூலையில் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கிண்ணம் நடந்தது. பதினாறு நாடுகள். உலகின் தலைசிறந்த ஷூட்டர்கள் எல்லோரும் அங்கிருந்தனர். தொடர் முடிந்தபோது கோல் பட்டியலின் உச்சியில் 348 கோல்களுடன் தர்ஜினி சிவலிங்கம் என்ற பெயர் இருந்தது. ஜமேக்காவின் புகழ்பெற்ற ஜானில் பவுலர் அவருக்குப் பின்னால்தான் நின்றார். இலங்கை அணி பெற்ற இடம்? பதினைந்தாவது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அவரது வாழ்க்கையை விளங்கிக்கொள்ள முடியாது. ஒருவர் உலகிலேயே அதிக கோல் போடுகிறார். அவரது அணி கடைசிக்கு முன்னிடம் பெறுகிறது. காரணம் எளிது. ஷூட்டர் தாமாகப் பந்தைத் தேடிச் செல்ல முடியாது. அரைவட்டத்தில் அவருக்குப் பந்து வந்தாக வேண்டும். நடுக்களத்திலிருந்து பந்தைக் கொண்டுவருவோரும், எதிரணி கோல் போடுவதைத் தடுப்போரும் பலவீனமாக இருந்தால், ஒரு முனையில் அவர் எத்தனை போட்டாலும் மறுமுனையில் அதைவிட அதிகமாக விழும். அவுஸ்திரேலியா போன்ற அணிகள் தர்ஜினியைத் தடுக்க அவ்வளவாக முயலவில்லை. பந்து அவரிடம் போகும் வழியையே அடைத்தன. இலங்கை அணியோ, 'எல்லாவற்றையும் தர்ஜினிக்குத் தூக்கிப் போடு' என்ற ஒற்றை உபாயத்தில் தங்கி வாழப் பழகிவிட்டது. அதனால் மற்ற ஷூட்டர்கள் வளர வாய்ப்புக் குறைந்தது என்ற விமர்சனத்தில் உண்மை இல்லாமலில்லை. அந்தக் குறை திட்டமிட்டவர்களுடையது, கோல் போட்டவருடையதன்று.

2022 செப்டெம்பர் 11ஆம் திகதியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் வரிசைகளும் மின்வெட்டும் மக்களை வாட்டிய ஆண்டு அது. அன்று டுபாயில் இலங்கைக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. அதே நாளில் சிங்கப்பூரில் கயாஞ்சலி அமரவங்ச தலைமையிலான வலைப்பந்தாட்ட அணி, தர்ஜினியுடன், சிங்கப்பூரை 63-53 என வென்று ஆறாவது தடவையாக ஆசியச் சம்பியனானது. இரண்டு அணிகளும் கட்டுநாயக்காவிலிருந்து திறந்த பேருந்துகளில் கொழும்புக்கு ஊர்வலமாக அழைத்துவரப்பட்டன. மறுநாள் முதற்பக்கப் படம் எதுவாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. நானும் அந்தப் படத்தைத் தெரிவு செய்தவர்களுள் ஒருவன். வலைப்பந்தாட்ட வெற்றி உள்ளே, விளையாட்டுப் பக்கத்தின் வலது மூலையில் போயிற்று. 'நெட்போல் தெரியாது' என்று வாசகரைக் குறைசொல்லும் தகுதி எமக்கில்லை.

2023இல் கேப் டவுன் உலகக் கிண்ணத்துக்கும் அவர் சென்றார். 2024 ஒக்டோபரில் பெங்களூரில் நடந்த ஆசியப் போட்டியில், அவரில்லாத இலங்கை அணி இறுதியாட்டம்வரை வந்து சிங்கப்பூரிடம் கிண்ணத்தை இழந்தது.

இப்போது, முன்னர் குறித்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்குத் திரும்புவோம். 'கிழக்கிலிருந்து அடுத்த தர்ஜினி எப்போது வருவார்?' என்று பரிசளிப்பு விழாக்களில் பேசுவோர் கேட்பதுண்டு. கேள்வியே பிழை. ஆறடி பத்தங்குலத்தில் இன்னொருத்தி பிறக்கும்வரை காத்திருப்பது ஒரு திட்டமாகாது. அன்னமலையிலோ வேப்பையடியிலோ மத்திய முகாமிலோ ஐந்தடி ஏழங்குலத்தில், கூர்மையான பார்வையும் விரைந்த காலும் உள்ள ஒரு மாணவி நடுக்களத்தில் ஆடப் போதும். லிவர்பூலில் இலங்கைக்குப் பற்றாக்குறையாக இருந்ததும் அத்தகையவர்களே. அந்த மாணவி இங்கு இருக்கிறாள். வலயமட்டப் போட்டிகளில் அவளைப் பார்த்திருக்கிறோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் அவளைக் காணோம்.

ஏன் காணோம் என்பதற்கு ஊர்களில் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மாலைப் பயிற்சி முடிய இருட்டிவிடும், பேருந்து இல்லை. பல மாரி காலங்களில் கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் மேவினால் பாடசாலைக்கே செல்ல முடியாமற் போயிருக்கிறது. பயிற்சிக்கு எங்கே செல்வது? பெண் பயிற்றுநர்கள் குறைவு. முஸ்லிம் பெற்றோர் பலர் உடை விடயத்தில் தயங்குகின்றனர். கடைசிக் காரணத்துக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. மலேசியத் தேசிய அணியில் தலையை மறைத்து, முழுக்கை மேலாடையும் நீள்காற்சட்டையும் அணிந்து ஆடும் வீராங்கனைகளை ஆசியப் போட்டிகளில் யாரும் காணலாம்; அந்த அணி இலங்கையை வென்ற சந்தர்ப்பங்களும் உண்டு. தலையை மறைப்பதற்குச் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் விதித்திருந்த தடையும் 2017இல் நீக்கப்பட்டுவிட்டது. தயங்கும் பெற்றோருக்கு இவற்றைச் சொல்ல வேண்டியவர்கள் பாடசாலையும் பள்ளிவாசல் நிர்வாகமும்தான். பத்திரிகை சொன்னால் எடுபடாது.

ஆனால் பேருந்தும் உடையும் தீர்ந்தாலும் ஒரு காரணம் எஞ்சும். பாடசாலைக்குப் பின் எங்கே ஆடுவது? தர்ஜினிக்கு ஒரு வங்கி இருந்தது. கல்முனை நகரின் பிரதான வீதியில் ஏறத்தாழ எல்லா வங்கிகளுக்கும் கிளைகள் இருக்கின்றன. நிதி நிறுவனங்களும் காப்புறுதி நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றின் வலைப்பந்தாட்ட அணிகள் கொழும்பில். ஆட்சேர்ப்பின்போது மாகாண மட்டத்தில் ஆடிய ஒரு பெண்ணுக்கு இங்குள்ள கிளையிலேயே இடம் கொடுத்து, வார இறுதியில் பயிற்சிக்கு விட முடியாதா? இரண்டு அணிகள் போதும். ஒரு போட்டித் தொடர் தொடங்கிவிடும். அதற்குப் பிரதேச சபையிடமிருந்து வேண்டப்படுவது, 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்ட, மழைநீர் தேங்காத, இரவு விளக்குள்ள ஒரு சீமெந்துத் தளம். ஒரு கல்யாண மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தைவிடப் பெரிதன்று.

சென்ற மாதம் அவ்வழியே போனபோது, முன்னர் குறிப்பிட்ட கம்பத்தடியில் ஒரு மாணவி தனியே நின்று பந்தை எய்துகொண்டிருந்தாள். வலயமட்டப் போட்டி முடிந்து நெடுநாளாகியிருந்தது. வளையத்தில் வலை இல்லை. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று தூரத்திலிருந்து பார்க்கும் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் பந்தை எடுத்து வந்து, அதே இடத்தில் நின்று, எண்ணிக்கொண்டே மீண்டும் எய்தாள்.